அரங்கு நிறைந்த காட்சியா, காற்று வாங்கும் அரங்கா: தேர்ந்தெடுப்பது எப்படி?

படத்துக்குப் போவதென்று முடிவான பிறகு நாம் யோசிப்பவை பெரும்பாலும் இரண்டுதான்: எந்தப் படம், எத்தனை மணிக் காட்சி. அந்தப் படத்தை எத்தனை பேரோடு உட்கார்ந்து பார்க்கப்போகிறோம் என்ற மூன்றாவது கேள்வியைத் தற்செயலுக்கு விட்டுவிடுகிறோம். பிறகு, பேச்சைவிட மௌனம் அதிகமாக உள்ள ஒரு மெல்லிய படத்தைப் பின்வரிசைக் கச்சேரிக்கு நடுவே பார்த்து மனம் நொந்து திரும்புகிறோம். அல்லது ஊரே விழுந்து விழுந்து சிரித்ததாகக் கேள்விப்பட்ட நகைச்சுவைப் படத்தை ஏழு பேர் மட்டும் இருந்த அரங்கில் பார்த்துவிட்டு, இதில் சிரிக்க என்ன இருக்கிறதென்று குழம்புகிறோம். இரண்டிலும் பழி படத்தின் மேல்தான் விழுகிறது. வாரத்துக்கு ஒரு படமாவது அரங்கில் பார்க்கும் வழக்கம் எனக்கு நெடுங்காலமாக உண்டு. அந்தப் பழக்கத்தில், காட்சியைத் தேர்ந்தெடுக்க நான் கற்றுக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

சினிமா பிறந்தபோதே இந்தக் கேள்வியும் உடன்பிறந்தது. 1894-ஆம் ஆண்டு நியூயார்க்கில் மக்கள் பார்வைக்கு வந்த எடிசனின் கினெட்டோஸ்கோப் ஒரு மரப்பெட்டி; அதன் மேலிருந்த துளையில் கண்ணை வைத்து, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே அசையும் படத்தைப் பார்க்க முடிந்தது. மறு ஆண்டு, 1895 டிசம்பர் 28 அன்று, பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு திரையில் படம் காட்டியபோது, காசு கொடுத்து உள்ளே வந்தவர்கள் 33 பேர். பெட்டி சில ஆண்டுகளில் வழக்கொழிந்து போயிற்று, திரை நிலைத்தது. இன்று கைப்பேசியில் தனியாகப் படம் பார்க்கும்போது நாம் மறுபடியும் அந்தப் பெட்டித் துளையில்தான் கண்ணை வைக்கிறோம். ஆகவே வீட்டை விட்டுக் கிளம்பி அரங்குக்குப் போகிறவர், உடன் இருக்கப்போகிறவர்களைப் பற்றியும் கொஞ்சம் எண்ணிப் பார்ப்பது நியாயம்.

கூட்டம் வேறு, சத்தம் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "நான் அமைதி விரும்பி, ஆகவே ஆளில்லாத காட்சிக்குத்தான் போவேன்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு துப்பறியும் படம் அந்த எண்ணத்தை மாற்றியது. வேறு காட்சி கிடைக்காமல், வேண்டாவெறுப்பாக அரங்கு நிறைந்த காட்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். படம் தொடங்கும்வரை ஒரே இரைச்சல். முக்கால்வாசிப் படம் ஓடியிருக்கும். கதாநாயகி ஒரு கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நிற்கிறாள், திறக்கவில்லை. பின்னணி இசை நின்றுவிட்டது. திரையில் அவளுடைய விரல்கள் மட்டும் தெரிகின்றன. அந்த நேரத்தில் அரங்கில் இருந்த சுமார் 400 பேரில் ஒருவர்கூட அசையவில்லை; ஒரு நாற்காலிகூடக் கிறீச்சிடவில்லை; என் பக்கத்தில் இருந்த பெரியவர் வாயருகே கொண்டுபோன தண்ணீர்ப் பாட்டிலை அப்படியே அந்தரத்தில் பிடித்திருந்தார். ஆளில்லாத அரங்கில் நான் கேட்ட எந்த அமைதியும் அந்த அமைதிக்கு ஈடாகாது. ஆளில்லாத அரங்கின் அமைதி, சும்மா இருக்கும் அமைதி. அன்று கேட்டது, 400 பேர் சேர்ந்து உண்டாக்கிய அமைதி.

அது என் மனமயக்கம் அன்று என்பதற்கு ஓர் ஆய்வும் துணை நிற்கிறது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் வேதியியல் ஆய்வு நிறுவனத்தார், திரையரங்கிலிருந்து வெளியேறும் காற்றை அளவிட்டு 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 16 படங்கள், 108 காட்சிகள், ஏறத்தாழ 9,500 பார்வையாளர்கள். பதற்றமான காட்சிகளிலும் சிரிப்புக் காட்சிகளிலும், மக்கள் வெளிவிடும் மூச்சில் கரியமில வாயுவும் ஐசோபிரீன் என்னும் சேர்மமும் சட்டென்று கூடின. அதே படம் வேறொரு நாள் வேறு மக்களுக்கு ஓடியபோதும் அதே இடத்தில் கூடின. தசைகள் இறுகும்போதும் அசையும்போதும் ஐசோபிரீன் இரத்தத்தில் கலந்து மூச்சின் வழியே வெளியேறுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். எல்லாரும் ஒரே நேரத்தில் இறுகுகிறார்கள், ஒரே நேரத்தில் தளர்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அரங்கின் காற்றில் அது பதிவாகிறது.

ஆகவே அமைதி வேண்டுமென்றால் ஆள் எண்ணிக்கையைக் குறைப்பது ஒரு வழி மட்டுமே. படத்தின் மேல் கவனம் உள்ளவர்கள் கூடும் காட்சியைக் கண்டுபிடிப்பது அதைவிட நல்ல வழி. எட்டுப் பேர் மட்டும் உள்ள அரங்கில், ஆள் இல்லை என்ற தைரியத்திலேயே இருவர் உரத்துப் பேசுவார்கள். அவர்கள் பேச்சை மூடிமறைக்கவோ, அவர்களை வெட்கப்பட வைக்கவோ அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். என் அனுபவத்தில் மிக மோசமானது, பாதிக்கும் குறைவாக நிரம்பி, அப்படி நிரம்பியவர்களும் கும்பல் கும்பலாக வந்திருக்கும் காட்சிதான். அங்கே கூட்டத்தின் உற்சாகமும் இல்லை, தனிமையின் நிம்மதியும் இல்லை.

எந்தப் படத்துக்கு எது

சிரிப்புப் படத்தைக் கூட்டத்தோடு பாருங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. சிரிப்பை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரொவைன், தனியாக இருக்கும்போது சிரிப்பதைப்போல் சுமார் 30 மடங்கு, பிறரோடு இருக்கும்போது சிரிக்கிறோம் என்று கண்டறிந்தார். தொலைக்காட்சிக்காரர்களுக்கு இது முன்பே தெரியும். 1950-களிலேயே சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர், பதிவு செய்த சிரிப்பொலியை நிகழ்ச்சிகளில் சேர்ப்பதற்கென்றே ஒரு கருவியை உருவாக்கினார். வீட்டில் தனியாக இருக்கும் பார்வையாளருக்குத் துணையாக ஒரு போலிக் கூட்டம் தேவைப்பட்டது. திரைப்படத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. நகைச்சுவைப் படத்தின் படத்தொகுப்பாளர், ஒரு நல்ல வசனத்துக்குப் பிறகு அரங்கு சிரித்து ஓய்வதற்கென்று ஓரிரு விநாடி இடம் விட்டே வெட்டுவார். கூட்டத்தில் அந்த இடைவெளி நிரம்பி வழிகிறது. காலி அரங்கில் அது ஓட்டையாக நிற்கிறது. நடிகர் சும்மா விழித்துக்கொண்டிருப்பதுபோல் தோன்றுவதும், படம் இழுக்கிறது என்று நாம் சொல்வதும் அதனால்தான்.

சண்டைப் படங்கள், விளையாட்டுப் போட்டியை மையமாகக் கொண்ட படங்கள், பெரிய நட்சத்திரத்தின் வருகைக்காகவே எழுதப்பட்ட படங்கள் ஆகியவற்றுக்கும் கூட்டமே நல்லது. அதிலும் முதல் மூன்று நாள்களுக்குள் பார்த்துவிடுவது நலம். அதற்குப் பிறகு வரும் கூட்டம் கதையைக் கேட்டுவிட்டு வரும் கூட்டம்.

மெதுவாக நகரும் குடும்பக் கதைகள், துயரத்தைச் சொல்லும் படங்கள், ஒலியைக் கொண்டே கதை சொல்லும் படங்கள் ஆகியவற்றுக்கு அமைதி வேண்டும். இதன் காரணத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஒரு திரையரங்கின் ஒலியமைப்பைச் சீர்செய்யும்போது, திரைக்குப் பின்னாலுள்ள ஒவ்வொரு ஒலிபெருக்கியும் சோதனை ஒலிக்கு 85 டெசிபல் அளவில் ஒலிக்கும்படி வைப்பது நிலைத்த வழக்கம். அந்த அளவை ஒட்டித்தான் ஒலிக்கலவை செய்பவர், எங்கே வெடிக்க வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்று தீர்மானிக்கிறார். அடங்கும் இடங்களில் இலை உரசுவதும், பாத்திரத்தின் மூச்சும், அடுத்த அறைக் கடிகாரமும் ஏறத்தாழ 30 டெசிபலுக்கு இறங்கிவிடும். பக்கத்து நாற்காலிக்காரரின் கிசுகிசுப்பும் அதே அளவுதான். தின்பண்டப் பொட்டலத்தின் சரசரப்பு இன்னும் கொடியது. மனிதச் செவி மிகக் கூர்மையாகக் கேட்பது சுமார் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வுகள் உள்ள ஒலிகளை. சொற்களைப் பிரித்தறிய உதவும் மெய்யெழுத்தொலிகளில் பலவும் அங்கேதான் இருக்கின்றன, பொட்டலச் சரசரப்பும் அங்கேதான் வந்து விழுகிறது. சத்தம் சிறியதுதான், ஆனால் அது மறைப்பது வசனத்தையே.

திகில் படத்தைப் பற்றி மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. முழுக் கூட்டத்தில் பார்த்தால் அலறலும் ஒட்டிக்கொள்ளும், சுகமாக இருக்கும். ஆனால் பயத்தை மறைக்கச் சிரிக்கிறவர்கள் நான்கு பேர் இருந்தால் போதும், படம் கேலிக்கூத்தாகிவிடும். மெதுவாகப் பயமுறுத்தும் படமென்றால் பாதி நிரம்பிய இரவுக் காட்சியையும், திடுக்கிட வைக்கும் படமென்றால் நிறைந்த காட்சியையும் தேர்ந்தெடுக்கிறேன்.

மொழி தெரியாத படத்தைத் துணைத்தலைப்புகளோடு பார்ப்பவர்களுக்குக் கூட்டத்தின் சத்தம் அவ்வளவாகத் தடையில்லை. முன்னால் இருப்பவரின் தலைதான் தடை. எழுத்து திரையின் அடிவிளிம்பில் வருகிறது. சாய்வு குறைந்த தரையுள்ள பழைய அரங்கில் நிறைந்த காட்சிக்குப் போனால், இரண்டு மணி நேரமும் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருக்க நேரும். அத்தகைய படத்துக்கு ஆள் குறைந்த காட்சியை, அல்லது முன்னால் நடைபாதை உள்ள வரிசையைத் தேடுங்கள்.

மனத்துக்கு மிகப் பிடித்த படத்தை இரண்டு முறை பார்க்க முடிந்தால், முதல்முறை கூட்டத்தோடும் இரண்டாம்முறை ஆள் குறைந்த காட்சியிலும் பாருங்கள். இந்த முன்பின் முறை மாறக்கூடாது. கதை தெரியாதபோதுதான் பிறருடைய பதற்றம் நமக்கு உதவும். கதை தெரிந்த பிறகு ஒளியையும் ஒலியையும் நடிப்பையும் கவனிக்கத் தனிமை உதவும்.

நாளும் நேரமும்

புதுப்படம் வெளியான நாள் மாலை தொடங்கி அந்த வார இறுதி முடியும்வரை கூட்டம் உச்சத்தில் இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அமைதி தேடுகிறவர்கள் செய்யும் பிழை, கூட்டம் வடியட்டும் என்று அளவுக்கு மீறிக் காத்திருப்பது. அடுத்த வாரப் புதுப்படங்கள் வந்ததும், பழைய படம் பெரிய திரையிலிருந்து சிறிய திரைக்குத் தள்ளப்படும், காட்சிகளும் குறையும், ஓடுகிற ஒன்றிரண்டு காட்சிகளில் எஞ்சிய கூட்டம் முழுவதும் வந்து சேரும். அமைதிக்காகக் காத்திருந்தவர் கடைசியில் சிறிய திரையையும் நெருக்கடியையும் ஒருசேரப் பெறுவார். ஆகவே முதல் வாரத்தின் வார நாள்களே சரியான தருணம்: திங்கள் முதல் வியாழன்வரை. படம் இன்னும் பெரிய திரையில் இருக்கும், கூட்டம் பாதியாகியிருக்கும்.

நாளின் முதல் காட்சியை நான் மிகவும் பரிந்துரைப்பேன். காலையில் எழுந்து கிளம்பி வருகிறவர் படத்துக்காகவே வருகிறார். பொழுது போகாமல் வருவதில்லை. முதல் காட்சிகளில் பாதி அரங்கு நிறைந்திருந்தும் ஊசி விழும் ஓசை கேட்கும் அமைதியைப் பலமுறை கண்டிருக்கிறேன். வார நாள் பிற்பகலில் ஆள்கள் இன்னும் குறைவு, ஆனால் வெயிலுக்கு ஒதுங்கியவர்களும் சேர்ந்து பொழுதுபோக்க வந்தவர்களும் கலந்திருப்பார்கள். பேச்சு சற்றே கூடும். இரவின் கடைசிக் காட்சி இரண்டில் ஒன்று: நண்பர் குழாம்களின் ஆரவாரம், அல்லது தூக்கக் கலக்கத்தின் மௌனம். பள்ளி விடுமுறைக் காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழாகும்.

ஒரே படம் அருகருகே உள்ள நேரங்களில் இரண்டு திரைகளில் ஓடினால், வசதியான நேரத்துக் காட்சியே முதலில் நிரம்பும். கூட்டம் விரும்புகிறவர் அதையும், விரும்பாதவர் அரைமணி தள்ளியுள்ள மற்றதையும் எடுத்துக்கொள்ளலாம்.

இருக்கை வரைபடத்தைப் படிக்கும் முறை

இணையத்தில் முன்பதிவு செய்யும்போது திரையில் தெரியும் இருக்கை வரைபடத்தை, இடம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க மட்டுமே பலர் பயன்படுத்துகிறார்கள். வரப்போகிற கூட்டத்தின் குணத்தையே அது காட்டும்.

விற்றுப்போன இருக்கைகள் எத்தனை என்று எண்ணுவதைவிட, அவை எப்படிச் சேர்ந்து கிடக்கின்றன என்று பாருங்கள். இரண்டிரண்டாக இருப்பவை தம்பதியர், நண்பர்கள். மூன்றும் நான்கும் குடும்பங்கள். பின்வரிசையில் ஆறு, எட்டு என்று ஒட்டிக் கிடப்பவை குழாம்கள்; நகைச்சுவைப் படமென்றால் இவர்கள் வரம், பேச்சு குறைந்த படமென்றால் சோதனை. வரைபடம் முழுவதும் ஒற்றைப் புள்ளிகளாக, மழைத்துளி தெறித்ததுபோல் அங்கங்கே நிறம் மாறியிருந்தால், அவர்கள் தனியாக வருகிறவர்கள். பேச ஆளில்லாதவர்கள், படத்தை மட்டுமே பார்க்க வருகிறவர்கள். அப்படியொரு வரைபடம் பாதி நிரம்பியிருந்தாலும் தயங்காமல் பதிவு செய்வேன். ஒற்றைப் புள்ளிகள் கூடக்கூட அரங்கில் பேச்சு குறையும் என்பது நான் பலமுறை சோதித்துப் பார்த்த கணக்கு.

வரைபடத்தை ஒருமுறை பார்த்தால் போதாது. முதல் நாள் இரவு ஒருமுறை, காட்சியன்று காலை ஒருமுறை, தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது ஒருமுறை பாருங்கள். முதல் இரண்டு முறையும் காலியாகவே இருந்தால் பெரும்பாலும் கடைசிவரை காற்று வாங்கும். காலைக்குள் கால்வாசி நிரம்பியிருந்தால் மாலைக்குள் பிதுங்கும். இன்னொரு எச்சரிக்கை: விற்றவைபோல் தெரியும் இருக்கைகளில் சில, அரங்கத்தார் தம் தேவைக்கு ஒதுக்கி வைத்தவையாக இருக்கலாம். எந்த நாளைத் திறந்தாலும் அதே வரிசையில் அதே இருக்கைகள் அடைபட்டிருந்தால், அவற்றைக் கூட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

ஆள் குறைந்த காட்சியில் எங்கே பதிவு செய்வது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பிறகு வருகிறவர்கள் எல்லாரும் பின்பாதியின் நடுவையே நாடுவார்கள். அங்கே நீங்கள் முதலில் உட்கார்ந்திருந்தால், காலி அரங்கிலும் உங்களைச் சுற்றியே கூட்டம் சேரும். அந்த நடுப்பகுதிக்கு மூன்று நான்கு வரிசை முன்னால் தள்ளிப் பதிவு செய்தால், கடைசிவரை பக்கத்தில் ஒருவரும் வராமல் இருக்க வாய்ப்பு மிகுதி. ஏற்கெனவே விற்ற இருக்கைக்கும் உங்களுக்கும் இடையில் ஒற்றை இடம் விட்டால், ஜோடியாக வருகிறவர்கள் அதை எடுக்க மாட்டார்கள். ஆனால் நிரம்பப்போகிற காட்சியில் இப்படிச் செய்யாதீர்கள். உங்கள் ஒற்றை இடத்தால் ஒரு தாயும் பிள்ளையும் பிரிந்து உட்கார நேரும்.

உட்காரும் இடம்

ஒலியமைப்பைச் சீர்செய்பவர்கள், திரையிலிருந்து பின்சுவர்வரை உள்ள தூரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தள்ளியுள்ள இடத்தையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். கூட்டத்தோடு பார்க்கும் படத்துக்கு அந்த இடத்தின் நடு இருக்கை மிகவும் பொருந்தும்: ஒலி சரியாக விழும், சிரிப்பும் கைதட்டலும் நாற்புறமிருந்தும் வரும்.

அமைதி தேடுகிறவருக்கு என் ஆலோசனை வேறு: முன்னால் போங்கள். இருட்டில் நம் விழித்திரையின் கோல் செல்கள், அதாவது மங்கிய ஒளியில் பார்க்க உதவும் செல்கள், முழுக் கூர்மை பெற 20 முதல் 30 நிமிடம் ஆகிறது. அப்படிப் பழகிய கண்ணுக்கு, மூன்று வரிசை முன்னால் ஒருவர் கைப்பேசியைத் திறந்தால் அது விளக்கேற்றியதுபோல் தெரியும். கடைக்கண் அசைவுக்கும் ஒளிக்கும் இயல்பாகவே துள்ளும் என்பதால், பார்க்காமல் இருக்கவும் முடியாது. முன்னால் உட்கார்ந்தால் எல்லாக் கைப்பேசிகளும், எல்லாத் தலைகளும், தாமதமாக வருகிறவர்களின் டார்ச் வெளிச்சமும் உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடும். எவ்வளவு முன்னால் என்றால், திரையின் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தில் இருந்தால் திரை உங்கள் பார்வையில் ஏறத்தாழ 37 பாகை விரியும். படத்துக்குள் இருக்கும் உணர்வு வரும், கழுத்தும் வலிக்காது. அகலத்துக்குச் சமமான தூரத்துக்கும் நெருங்கினால் 53 பாகையாகிவிடும். அது எல்லாருக்கும் ஒத்துவராது. கதவுக்கு நேரான இருக்கைகளையும், வரிசையின் நடைபாதை ஓரத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

காலி அரங்குக்குப் போகிறவர் ஒரு மேல்துணி எடுத்துச் செல்வது நல்லது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. 300 பேர் என்றால் 30,000 வாட். அந்த வெப்பத்தைச் சமாளிக்கும்படி அமைத்த குளிர்சாதனம், பத்துப் பேர் இருக்கும்போது எலும்புவரை குளிர வைக்கும். தனியாகச் செல்லும் பெண்கள் ஆளில்லாத இரவுக் காட்சியைவிடப் பகல் காட்சியைத் தேர்ந்தெடுத்து, வெளியேறும் வழியிலிருந்து வெகுதூரம் போகாமல் உட்காருவது மனத்துக்கு நிம்மதி தரும். கதவோரத்தைத் தவிர்க்கச் சொன்ன விதியை அவர்கள் தயங்காமல் மீறலாம்.

தொந்தரவு வந்தால்

எவ்வளவு பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாலும் சில நாள் பேச்சுக்காரர்கள் பக்கத்தில் வந்துவிடுவார்கள். முதல் பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். பலர் இருட்டில் அடங்கச் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அடங்கவில்லையென்றால் உஸ் என்று அதட்டாதீர்கள். அது அவர்களுடைய தன்மானத்தைக் கிளறிவிடும், பேச்சு சண்டையாகும். அருகில் சாய்ந்து, "மன்னிக்கணும், எனக்கு வசனம் கேட்கவில்லை, கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறீர்களா?" என்று கேளுங்கள். குறையை அவர்கள் பேச்சின் மேல் வைக்காமல் உங்கள் காதின் மேல் வைப்பதால், பத்தில் எட்டுப் பேர் உடனே அடங்கிவிடுவார்கள். மீதி இருவருக்காக அரங்கப் பணியாளரிடம் சொல்லுங்கள். சொல்வதற்கு எழுந்து போகும் இரண்டு நிமிடம், மீதமுள்ள ஒன்றரை மணி நேரத்தைவிடச் சிறியது. காலி இருக்கை தென்பட்டால், கேட்பதற்கு முன்பே இடம் மாறிக்கொள்வதும் நல்லதுதான்.

குழந்தை அழுதால் திரும்பி முறைக்காதீர்கள். அந்தத் தாய்க்கு உங்களைவிடப் பதற்றம் அதிகம். பல நாடுகளில் விளக்கைச் சற்று ஏற்றி, ஒலியைக் குறைத்து, எழுந்து நடமாடவும் பேசவும் இடம் தரும் சிறப்புக் காட்சிகள், ஆட்டிசம் உள்ளவர்களுக்காகவும் கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்காகவும் நடத்தப்படுகின்றன. அட்டவணையில் அந்தக் குறிப்பைப் பார்த்தால், அமைதி தேடுகிறவர் வேறு காட்சிக்குப் போகலாம். பெருஞ்சத்தமும் கும்மிருட்டும் தாங்காதவர்கள் அதையே தேடிப் போகலாம். காது கேட்கும் கருவி அணிந்தவர்களை அழைத்துச் செல்லும்போதும் நெரிசலான காட்சியைத் தவிர்ப்பது நல்லது. அந்தக் கருவி வசனத்தோடு சுற்றுப்புற இரைச்சலையும் சேர்த்தே பெருக்கிவிடக்கூடும்.

கடைசியாக ஒரு பழக்கம். ஒரு சிறு குறிப்பேட்டில், ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் ஒற்றை வரி எழுதி வையுங்கள்: என்ன வகைப் படம், எந்தக் கிழமை, எத்தனையாவது காட்சி, அரங்கு எவ்வளவு நிரம்பியிருந்தது, எந்த வரிசை, எப்படி இருந்தது. படத்தின் தரத்தை எழுத வேண்டியதில்லை. பத்து இருபது வரி சேர்ந்ததும் உங்கள் உண்மையான விருப்பம் தானாகத் தெரியும். என் குறிப்பேட்டைப் புரட்டியபோது எனக்கே வியப்பாக இருந்தது. காலி அரங்குதான் பிடிக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த ஆண்டுகளில்கூட, "மிக நன்று" என்று எழுதியிருந்த வரிகளில் பெரும்பாலானவை பாதிக்கு மேல் நிரம்பிய காலைக் காட்சிகளைப் பற்றியவை. அந்தத் துப்பறியும் படத்துக்கு இரண்டு வரிகள் உண்டு. முதல் வரி: "சனி மாலை, அரங்கு நிறைந்தது, கடைசிக்கு முந்திய வரிசை, மிக நன்று." மறுவாரம் பதினொரு பேரோடு பார்த்தபோது எழுதிய இரண்டாவது வரி: "புதன், முதல் காட்சி, ஐந்தாம் வரிசை. கதவருகே இசை நிற்பதற்கு முன்பே கடிகாரச் சத்தம் நின்றுவிடுகிறது. போனமுறை கேட்கவில்லை."